மோட்டார் சைக்கிளின் கழுத்து: தளர்ந்தாலும் ஆபத்து, இறுகினாலும் ஆபத்து

பொழுது புலர்வதற்கு முன்பே நம் தோட்டங்கள் விழித்துக்கொள்கின்றன. பெரட்டுக்குச் செல்லும் நேரம் நெருங்கியதும் வீடுகளின் முன்னே மோட்டார் சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமத் தொடங்குகின்றன. ஒரு காலத்தில் காண்டா வாளியைத் தோளில் சுமந்து, நிரைக்கும் ஸ்டோருக்கும் கால்நடையாகவே சென்றுவந்த பாட்டாளிக்கு இன்று மோட்டார் சைக்கிளே காலாகவும் தோளாகவும் இருக்கின்றது. கணவன் ஓட்ட, மனைவி பின்னால் அமர்ந்திருக்க, பால் டின்கள் இரு பக்கமும் தொங்க, அவ்வண்டி இருளில் செம்மண் சாலையின் பள்ளங்களைக் கடந்து செல்கின்றது. மாலையில் அதே வண்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பட்டணத்துக்கும் போகின்றது.

இத்தனை பேரையும் சுமக்கும் வண்டியை நாம் விரும்பும் பக்கம் திருப்பித் தருவது எது? ஹேண்டில் என்று சொல்லிவிடுவோம். ஆனால் ஹேண்டிலுக்குக் கீழே, நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடக்கூடிய இரும்புக் குண்டுகள் சில இருக்கின்றன. அவை சீராக உருண்டால்தான் ஹேண்டில் நம் சொல்லைக் கேட்கும். அந்த இடத்தைத்தான் வண்டியின் ‘கழுத்து’ என்கிறோம். என்ஜினுக்கு எண்ணெய் மாற்றுகிறோம், சங்கிலியை இறுக்குகிறோம், டயருக்குக் காற்று அடைக்கிறோம். கழுத்தை மட்டும் பெரும்பாலோர் மறந்துவிடுகிறோம். அதைச் சோதிப்பது எப்படி, சரிசெய்வது எப்படி என்பதை இக்கட்டுரையில் விளக்குவோம்.

கழுத்தின் அமைப்பு

வண்டிச் சட்டத்தின் முன்முனையில் சற்றே சாய்வாக ஒரு குட்டையான குழாய் இருக்கின்றது. இது கழுத்துக் குழாய். முன் சக்கரத்தை இரு பக்கமும் பிடித்து நிற்கும் கவையின் உச்சியிலிருந்து ஒரு தண்டு எழுந்து, இக்குழாயின் உள்ளே நுழைந்து மேலே வருகின்றது. அதன் தலைமீதே ஹேண்டில் அமர்கின்றது. சட்டம் அசையாமல் நிற்க, தண்டு அதனுள்ளே இடமும் வலமும் திரும்ப வேண்டும். இரும்போடு இரும்பு உராயாமல் இருக்கும் பொருட்டுக் குழாயின் மேல்முனையில் ஒன்றும் கீழ்முனையில் ஒன்றுமாக இரண்டு பேரிங்குகள் வைக்கப்பட்டிருக்கின்றன.

நாம் ‘கப்சாய்’ என்று அழைக்கும் சிறு வண்டிகள் பலவற்றிலும் இந்தப் பேரிங் மிக எளிமையானது. ஒரு கிண்ணம், அதற்கு எதிரே மற்றொரு கிண்ணம், இரண்டுக்கும் இடையே கிரீஸில் பதிந்த குண்டுகள், அவ்வளவே. 1958-ஆம் ஆண்டில் ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் வெளியிட்ட ‘சூப்பர் கப்’ என்னும் வண்டியே இவ்வகை வண்டிகளுக்கு முன்னோடி. 2017-ஆம் ஆண்டில் அவ்வரிசை வண்டிகளின் மொத்த உற்பத்தி 10 கோடியை எட்டியது. பழைய சைக்கிளின் கழுத்தைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதாக இராது. சைக்கிளிலும் ஏறத்தாழ இதே ஏற்பாடுதான்.

மேல் பேரிங்கின் மீது இரண்டு நட்டுகள் இருக்கும். அடியில் இருப்பது கிண்ணங்களுக்கும் குண்டுகளுக்கும் இடையே உள்ள பிடிப்பைக் கூட்டவும் குறைக்கவும் உதவுவது. அதனைச் ‘சரிசெய்யும் நட்டு’ என்போம். அதன் மேலே இருப்பது, சரிசெய்த நிலை மாறாதபடி அழுத்திப் பிடிப்பது. அது ‘பூட்டு நட்டு’.

கழுத்து ஏன் கெடுகின்றது?

சக்கரத்தின் பேரிங் முழுச் சுற்றாகச் சுற்றுகின்றது. ஆகவே அதன் தேய்மானம் எல்லா இடத்திலும் பரவுகின்றது. கழுத்துப் பேரிங்கின் நிலை வேறு. நாம் பெரும்பாலும் நேராகவே செல்கிறோம். எனவே குண்டுகள் கிண்ணத்தின் அதே இடங்களில் அசையாமல் நிற்கின்றன. சக்கரம் பள்ளத்தில் விழும்போதெல்லாம் அந்த அடி முழுவதும் குண்டுகள் நிற்கும் அதே புள்ளிகளில் இறங்குகின்றது. நாளடைவில் கிண்ணத்தில் சிறு சிறு குழிகள் பதிந்துவிடுகின்றன. வண்டியின் பாரத்தையும் சாலையின் அடியையும் முதலில் வாங்குவது கீழ்ப் பேரிங்கே. ஆதலால் பெரும்பாலும் அதுவே முதலில் கெடுகின்றது.

தோட்டத்துச் சாலை இதனை விரைவுபடுத்துகின்றது. தார்ச் சாலையில் ஓடும் வண்டியைவிடச் செம்மண் சாலையில் ஓடும் வண்டி வாங்கும் அடிகள் மிகப் பல. மழைக்காலத்தில் முன் சக்கரம் வாரியடிக்கும் சேற்று நீர் நேராகக் கீழ்ப் பேரிங்கின் மீதே தெறிக்கின்றது. வண்டியைக் கழுவும்போது நீரைக் கழுத்தின் மீது வேகமாகப் பீய்ச்சினால் கிரீஸ் கரைந்து வெளியேறி நீர் உள்ளே புகுந்துவிடும். பின்னர் துரு பிடிக்கும். பாலை உறையவைக்கும் அமிலத்தை வண்டியில் கொண்டுசெல்வோர் அது சிந்தாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அமிலம் இரும்பை அரிக்கும்.

தளர்ச்சியின் அடையாளங்கள்

கழுத்து ஒரே நாளில் தளர்ந்துவிடுவதில்லை. சிறிது சிறிதாகத் தளர்கின்றது. ஓட்டுபவரின் கையும் சிறிது சிறிதாக அதற்குப் பழகிவிடுகின்றது. அதனால்தான் நாள்தோறும் ஓட்டுபவருக்குத் தெரியாத குறை, அவ்வண்டியை இரவல் வாங்கி ஓட்டும் நண்பருக்கு உடனே தெரிகின்றது.

முன் பிரேக்கைப் பிடிக்கும்போது கழுத்துப் பகுதியில் ‘டக்’ என்று ஓர் ஒலி. சிறு கல்லின் மீது ஏறினாலும் ஹேண்டிலில் ஒரு தட்டல். வேகத்தைக் குறைக்கும்போது ஹேண்டில் இடமும் வலமும் நடுங்குதல். இவையே தளர்ச்சியின் அடையாளங்கள். பின்னால் பால் டின்கள் நிறைந்திருக்கும்போது இந்த நடுக்கம் மிகலாம். பாரம் பின்னே கூடக்கூட முன் சக்கரத்தின் பிடிப்புக் குறைவதே அதற்குக் காரணம். நடுக்கம் உண்டா என்று அறிய ஓடும் வண்டியில் கைகளை விட்டுப் பார்ப்போர் சிலர் உண்டு. அதனை ஒருபோதும் செய்யலாகாது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் கடந்துவிடும். நடுக்கம் முற்றிய பின் கையை மீண்டும் ஹேண்டிலுக்குக் கொண்டுவருவதற்குள் வண்டி கால்வாய்க்குள் இறங்கிவிடலாம்.

இறுக்கம் பாதுகாப்பன்று

தளர்ச்சி ஆபத்து என்பதை எவரும் ஒப்புக்கொள்வர். ஆனால் நம்மிடையே பரவியிருக்கும் பெரிய தவறான எண்ணம் வேறு ஒன்று. ‘ஆடுகிறதா? நன்றாக இறுக்கிவிடு, இனி ஆடாது’ என்பதே அது. ஹேண்டில் சற்றுக் கனமாகத் திரும்பினால் வண்டி உறுதியாக நிற்பதாக எண்ணிக்கொள்கிறோம். உண்மை அதற்கு நேர்மாறானது.

இரு சக்கர வண்டி நிமிர்ந்து செல்வது எதனால்? அது ஒரு பக்கம் சாயத் தொடங்கும் கணத்திலேயே முன் சக்கரம் அந்தப் பக்கம் மிகச் சிறிதளவு திரும்பி வண்டியைத் தாங்கிக்கொள்கின்றது. நாம் நேராகச் செல்வதாக நினைக்கும்போதும் முன் சக்கரம் இவ்வாறு இடைவிடாமல் சிறு சிறு திருத்தங்களைச் செய்துகொண்டேயிருக்கின்றது. ஒரு சைக்கிளின் ஹேண்டிலைச் சட்டத்தோடு அசையாமல் கட்டிவிட்டு, அதன் மேல் ஏறி ஓட்ட முயன்றால் எவராயினும் சில அடி தூரத்திலேயே விழுந்துவிடுவர். கழுத்தை மிகையாக இறுக்குவது அவ்வாறு கட்டிவிடுவதில் பாதியளவு செய்வதற்குச் சமம். மெதுவாகச் செல்லும்போது வண்டி பாம்பு போல நெளியும். ஈரமான செம்மண்ணில் சக்கரம் சறுக்கும்போது திருப்பிச் சமாளிக்க முடியாமல் போகும்.

அதுமட்டுமன்று. மிகையான இறுக்கத்தில் குண்டுகள் கிண்ணத்தை ஓயாமல் அழுத்துகின்றன. குழிகள் இன்னும் விரைவாகப் பதிகின்றன. பேரிங்கைக் காப்பதாக எண்ணிச் செய்த வேலை, பேரிங்கையே அழித்துவிடுகின்றது.

இது நம் பாட்டாளிகளுக்குப் புரியாத செய்தியன்று. பால்வெட்டும் கத்தி பட்டையில் ஆழமாக இறங்காவிட்டால் பால் குறைவாக வரும். ஒரு மயிரிழை மிகுதியாக இறங்கினாலோ மரம் காயப்பட்டு முடிச்சு விழும். அந்த இடத்தில் மறுபடி வெட்டுவது கடினமாகும். மரத்தின் உயிர்த்தோலுக்கு வெளியே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைத்து வெட்டும் கைப்பக்குவம் நம்மவர்க்கு உண்டு. கழுத்தைச் சரிசெய்வதற்கும் அதே கைப்பக்குவம்தான் வேண்டும். வலிமை வேண்டியதில்லை.

சோதிக்கும் முறை

இச்சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. இருவர் இருந்தால் போதும். வண்டியைச் சமதரையில் நடு ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். ஒருவர் பின்புறத்தை அழுத்திப் பிடித்து முன் சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்த வேண்டும். தனியாகச் செய்வோர், வண்டி சாயாத வண்ணம் என்ஜினுக்கு அடியில் உறுதியான மரக்கட்டையை வைத்துக்கொள்ளலாம்.

முதற் சோதனை தளர்ச்சிக்கானது. கவையின் இரு கால்களையும் கீழ்ப்பகுதியில் பற்றி, முன்னும் பின்னுமாக ஆட்டிப் பார்க்க வேண்டும். மற்றவர் தம் விரலைக் கழுத்துக் குழாயும் கவையின் தலையும் சந்திக்கும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். அந்த இடத்தில் அசைவு தெரிந்தால் கழுத்து தளர்ந்திருக்கின்றது என்று பொருள்.

இங்கு ஓர் எச்சரிக்கை. ஆட்டம் முழுவதும் கழுத்திலிருந்தே வருவதாக முடிவு செய்துவிடக் கூடாது. சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டும்போது கவை அசையாமல் சக்கரம் மட்டும் ஆடினால் குறை சக்கரப் பேரிங்கில் உள்ளது. கவையின் மேற்பகுதி அசையாமல் கீழ்ப்பகுதி மட்டும் ஆடினால் தேய்மானம் கவையின் உள்ளே இருக்கின்றது. பழைய கப்சாய் வண்டிகளில் முன் சக்கரத்தைத் தாங்கும் சிறு கைகளின் புஷ்கள் தேய்ந்திருக்கலாம். இவற்றையெல்லாம் பாராமல் கழுத்தை இறுக்கினால் ஆட்டமும் நீங்காது, கழுத்தும் கெடும்.

இரண்டாம் சோதனை இறுக்கத்திற்கானது. ஹேண்டிலை நேராக வைத்து, ஒரு பக்கம் மெல்ல ஒரு விரலால் தள்ள வேண்டும். நல்ல கழுத்தாயின் ஹேண்டில் தன் பாரத்தாலேயே அந்தப் பக்கத்துக் கடைசிவரை தடையின்றிச் சென்று விழும். மறுபக்கமும் அவ்வாறே விழ வேண்டும். நடுவழியில் நின்றுவிட்டால் கழுத்து இறுகியிருக்கலாம். கேபிள்கள் எங்கேனும் சிக்கி இழுக்கின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் சோதனை குழிகளுக்கானது. ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மிக மெதுவாகத் திருப்ப வேண்டும். சரியாக நடுநிலைக்கு வரும்போது ஏதோ ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்பதுபோல் கைக்குத் தெரிந்தால், கிண்ணங்களில் குழி விழுந்துவிட்டது என்று அறியலாம். அத்தகைய கழுத்தை எவ்வளவு சரிசெய்தாலும் பயனில்லை. கிண்ணங்களையும் குண்டுகளையும் மாற்றியே ஆக வேண்டும்.

சரிசெய்யும் முறை

தளர்ச்சி மட்டும் இருந்து, குழி இல்லையெனில், சரிசெய்தால் போதும். இதற்குத் தேவையான முக்கியக் கருவி கொக்கி ஸ்பேனர். வளைந்த தலையும் அதன் முனையில் ஒரு சிறு பல்லும் உடையது அது. சரிசெய்யும் நட்டின் விளிம்பிலுள்ள வெட்டுகளில் அந்தப் பல் பொருந்தும். கொக்கி ஸ்பேனர் இல்லையென்று உளியையும் சுத்தியலையும் எடுத்து நட்டைத் தட்டித் திருப்புவது நம் தோட்டங்களில் காணப்படும் வழக்கம். நட்டின் வெட்டுகள் சிதைந்துபோவதோடு, எவ்வளவு இறுக்கினோம் என்பதும் கைக்குத் தெரியாமல் போய்விடும். இவ்வழக்கத்தைக் கைவிடுதல் நலம்.

1. முன் சக்கரம் தரையில் படாதவாறு வண்டியை நிறுத்தி, அது சாயாதென்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஹேண்டிலின் மூடிகளைக் கழற்ற வேண்டும். சில வகை வண்டிகளில் ஹேண்டிலையே கழற்றி, கேபிள்கள் முறுகாமல் ஒருபுறமாகச் சாய்த்து வைத்தால்தான் நட்டுகள் தெரியும்.

2. பூட்டு நட்டைத் தளர்த்த வேண்டும். கவைக் குழாய்கள் ஹேண்டிலுக்கு அடியிலுள்ள மேல்தட்டு வரை நீண்டிருக்கும் வண்டிகளில், அத்தட்டில் குழாய்களைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் சிறிது தளர்த்துவது அவசியம். இல்லையேல் நட்டைத் திருப்பினாலும் தண்டு நகராது.

3. சரிசெய்யும் நட்டைக் கொக்கி ஸ்பேனரால் மெல்ல இறுக்கி, இலேசான தடை தெரிந்ததும் நிறுத்த வேண்டும். பின்னர் ஹேண்டிலையோ கவையையோ பற்றி, இரு கோடிகளுக்கும் நான்கைந்து முறை திருப்ப வேண்டும். குண்டுகள் தத்தம் இடத்தில் அமர்வதற்காகவே இவ்வாறு செய்கிறோம்.

4. இப்போது நட்டை ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு சுற்றுப் பின்னோக்கித் தளர்த்த வேண்டும். இது தொடக்க அளவு மட்டுமே. முன்னும் பின்னும் ஆட்டம் இல்லாமலும், தன் பாரத்தால் இரு பக்கமும் விழும்படியும் உள்ள நிலையே சரியான நிலை. அந்நிலை கிட்டும்வரை சிறிது சிறிதாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். வண்டியோடு தரப்பட்ட கையேட்டில் வேறு அளவு குறிக்கப்பட்டிருந்தால் அதனையே பின்பற்ற வேண்டும்.

5. சரிசெய்யும் நட்டு நகராதபடி பிடித்துக்கொண்டு பூட்டு நட்டை இறுக்க வேண்டும். தளர்த்திய போல்ட்டுகளையும் இறுக்க வேண்டும்.

6. மூன்று சோதனைகளையும் மறுபடி செய்ய வேண்டும். பூட்டு நட்டை இறுக்கும்போது அது கீழேயுள்ள நட்டையும் சற்று அழுத்துவதால், முன்பு சரியாக இருந்த நிலை இப்போது இறுகியிருக்கக்கூடும். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். இறுகியிருந்தால் பூட்டு நட்டைத் தளர்த்தி மறுபடி செய்வதற்குச் சலிப்படையக் கூடாது.

வேலை முடிந்ததும் பாரமின்றி, பின்னால் எவரையும் ஏற்றாமல், வாகனங்கள் வராத இடத்தில் மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். முன் பிரேக்கை மெல்லப் பிடித்து ஒலி கேட்கிறதா என்று கவனிக்க வேண்டும். அதன் பின்னரே வழக்கமான பயணத்துக்கு வண்டியை எடுக்க வேண்டும்.

கிண்ணங்களை மாற்றுவதாயின்

சரிசெய்யும் நட்டை முழுவதும் கழற்றினால் கவை கீழே இறங்கிவிடும். குண்டுகள் மண்ணில் சிதறும். ஆகவே அனுபவமில்லாதவர்கள் அதுவரை செல்ல வேண்டா. கிண்ணங்களை மாற்றும் வேலையை நல்ல பட்டறையில் கொடுப்பதே சிறந்தது. ஆயினும் அங்கே என்ன நடக்க வேண்டும் என்பதை நாமும் அறிந்திருப்பது நன்று.

மேலுள்ள கிண்ணங்கள், கீழுள்ள கிண்ணங்கள், குண்டுகள் அனைத்தையும் ஒருசேர மாற்ற வேண்டும். குழி விழுந்த பழைய கிண்ணத்தில் புதிய குண்டுகளைப் போடுவது வீண் செலவு. பழைய குண்டுகளோடு புதியவற்றைக் கலப்பதும் தவறு. அளவில் நுண்ணிய வேறுபாடு இருந்தாலும் பாரம் சிலவற்றின் மீதே இறங்கும். மேலும் கீழும் எத்தனை குண்டுகள் இருந்தன என்று கழற்றும்போதே தனித்தனியே எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும். வண்டிக்கு வண்டி இந்த எண்ணிக்கை மாறும். புதிய குண்டுகளை அடுக்கிய பின் சிறிது இடைவெளி எஞ்சி நிற்பது இயல்பே. அதில் இன்னொரு குண்டைத் திணிக்கக் கூடாது. கிண்ணங்களில் புதிய கிரீஸைத் தாராளமாகப் பூச வேண்டும். புதிய கிண்ணங்கள் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் நன்கு பதிந்து சற்றுத் தளரும். அப்போது ஒருமுறை மறுபடி சரிசெய்வது கட்டாயம்.

மாதம் ஒரு முறை

நம் நாட்டுச் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோரே. 1973-ஆம் ஆண்டில் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டதன் நோக்கத்தை நாம் அறிவோம். தலைக்கவசம், விழுந்த பின் நம்மைக் காப்பது. சீரான கழுத்தோ விழாமலே காப்பது. இரண்டும் வேண்டும்.

சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். மாதம் ஒரு முறை, சம்பளத்தை அடுத்து வரும் ஓய்வு நாளில், அண்டை வீட்டார் இருவர் சேர்ந்து ஒருவர் வண்டியை மற்றவர் பிடிக்கச் சோதித்துக்கொள்ளலாம். கொக்கி ஸ்பேனர் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டியதில்லை. ஒரு லயத்துக்கு ஒன்று வாங்கி வைத்தால் அனைவருக்கும் உதவும். கைத்திறமை மிக்க நம் இளைஞர்கள் இவ்வேலையை முறையாகக் கற்றுக்கொண்டு பெரியவர்களின் வண்டிகளையும் பார்த்துக் கொடுத்தால், அது தோட்டத்துக்கே ஒரு தொண்டாகும்.

விடியற்காலை இருளில் வண்டியைக் கிளப்பும்போது, பின்னால் அமர்ந்திருப்பவர் நம் கையை நம்பியே அமர்ந்திருக்கிறார். நம் கையோ, கழுத்துக்குள் இருக்கும் அந்தச் சில குண்டுகளை நம்பியிருக்கின்றது. ஆடாமலும் இறுகாமலும் அவற்றை வைத்திருப்பது நம் கடமை.